ஹராஜுகு முதல் கோஎன்ஜி வரை: டோக்கியோவின் இளைஞர் கடைத்தெருக்களில் ஒரு வாரம்

செவ்வாய்: ஹராஜுகு

டோக்கியோவில் இளைஞர் ஃபேஷன் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ஹராஜுகு. ஆனால் எந்த நேரத்தில் போவது, எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியாமல் போனால் கூட்டத்தில் நசுங்கி, கிரேப் எனும் மெல்லிய இனிப்பு தோசை ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு சாவிக்கொத்தோடு திரும்ப வேண்டியதுதான். எந்தப் பேட்டையில் எதை வாங்கலாம், வாங்கும்முன் எங்கே விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வாரம் நாளுக்கொன்றாக எழுதுகிறோம்.

யமனோதே ரயிலில் வருபவர்கள் ஹராஜுகு நிலையத்தில் தகெஷிதா வாசல் வழியாக வெளியே வர வேண்டும். 1924இல் கட்டிய மர நிலையம் இப்போது இல்லை. 2020 மார்ச்சில் புதுக் கட்டடம் திறந்துவிட்டார்கள். மெட்ரோவில் வந்தால் சியோதா, ஃபுகுதோஷின் தடங்களில் மெய்ஜி ஜிங்குமாயே நிலையம். எப்படி வந்தாலும் காலை 11 மணிக்கு முன்னால் பெரும்பாலான கடைகள் திறக்காது. சீக்கிரம் வந்துவிட்டால் நிலையத்தின் மறுபக்கம் இருக்கும் மெய்ஜி கோயிலுக்குப் போய்வரலாம். 1920இல் எழுப்பிய அந்தக் கோயில் சூரிய உதயத்துக்கே திறந்துவிடும்.

தகெஷிதா தெரு ஏறக்குறைய 350 மீட்டர்தான். நிலையத்திலிருந்து சரிவாக இறங்கி மெய்ஜி சாலையில் முடிகிறது. காலை 11 முதல் மாலை 6 வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வார நாளில் 11லிருந்து 12.30 வரை நிதானமாக நடக்கலாம். பள்ளி விட்டதும் நிரம்பத் தொடங்கும். சனி, ஞாயிறு மதியம் நீங்களாக நடக்க முடியாது, கூட்டம்தான் நகர்த்திக்கொண்டு போகும். கையைப் பிடித்து, தோளைத் தொட்டு 'உள்ளே வாங்க' என்று கூப்பிடும் ஆட்களின் பின்னால் போக வேண்டாம். நல்ல கடை எதுவும் இங்கே ஆள் பிடிப்பதில்லை.

கிரேப் சாப்பிடாமல் இந்தத் தெருவைத் தாண்டுபவர்கள் குறைவு. மரியன் கிரேப் 1977இலிருந்து இங்கே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் மாதிரிகளில் எண் போட்டிருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் போதும். சூடான வட்டத் தட்டில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, மரக்கோலால் ஒரே சுற்றில் இழுத்துப் பரப்புகிறார்கள். ஓரம் பொன்னிறமானதும் நீளத் தகடு ஒன்றை அடியில் செருகித் திருப்புகிறார்கள். க்ரீம், பழம், ஐஸ்கிரீம் வைத்துக் கூம்பாக மடித்துக் காகிதத்தில் செருகித் தருகிறார்கள். மாவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது. நடந்துகொண்டே தின்னாமல் கடை வாசலில் நின்று முடித்துக் காகிதத்தை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். தெருவில் வேறு தொட்டி கண்ணில் படாது. அதோடு, நெரிசலில் உங்கள் க்ரீம் அடுத்தவர் சட்டையில்தான் போய் ஒட்டும்.

இதே தெருவில் தைசோ எனும் பல மாடி மலிவுக்கடை இருக்கிறது. விலை ஒட்டாத பொருள் எல்லாம் 100 யென், வரியோடு 110. 300, 500 யென் பொருள்களில் மட்டும் விலை அச்சடித்திருக்கும். பரிசுப் பொருளுக்கு இது போதும், துணிக்கு வேண்டாம். காசு போட்டால் உருண்டைக்குள் ஒரு சிறு பொம்மை விழும் கச்சாபொன் இயந்திரங்களும் வழியெல்லாம் உண்டு. அவை பெரும்பாலும் 100 யென் நாணயத்தைத்தான் விழுங்கும், விலை பொதுவாக 300 முதல் 500 யென். பக்கத்தில் இருக்கும் சில்லறை மாற்றும் பெட்டி 1,000 யென் தாளுக்கானது. 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களைப் பழைய பெட்டிகள் சில ஏற்பதில்லை. ஆகவே கையில் பழைய தாள் கிடைத்தால் அதை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரிகுரா எனும் ஸ்டிக்கர் புகைப்படம் 1995இல் தொடங்கியது. பணம் போட்டு, தொடுதிரையில் ஆள் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்து, எண்ணி முடிப்பதற்குள் நிற்கும் கோலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பக்கத்து அறைக்குப் போய் எழுதி, ஒட்டி, கண்ணின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். அந்த அறையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் அது தானாகவே அச்சிடப் போய்விடும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியை எழுதிவிடுங்கள். ஆண்கள் மட்டும் கூட்டாக வந்தால் அனுமதி இல்லை என்று சில புரிகுரா கூடங்களில் எழுதியே வைத்திருப்பார்கள்.

தெரு முடிந்ததும் வலப்பக்கம் திரும்பி நடந்தால் லாஃபோரே வணிக வளாகம். 1978இல் திறந்த இந்தக் கட்டடத்தின் மாடிகள் அரை அரையாக ஏறும்: 2, 2.5, 3, 3.5. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் அரை மாடி வித்தியாசம் இருப்பதால், நேரே மேலே ஏறிப் போனால் பாதிக் கடைகள் கண்ணில் படாமலே போய்விடும். உச்சிக்கு லிஃப்டில் போய்ச் சுற்றிச் சுற்றி இறங்குவதே சரி. ஜனவரியிலும் ஜூலையிலும் இங்கே நடக்கும் கிராண்ட் பஜார் தள்ளுபடிக்காக மாணவர்கள் காத்திருந்து வருவார்கள். எதிர் மூலையில் 2024 ஏப்ரலில் திறந்த ஹராகாதோ வணிக வளாகம். அதன் அடித்தளத்தில் கொசுகியு பொதுக் குளியலகத்தின் கிளை இருக்கிறது. தாய்க் குளியலகம் 1933இலிருந்து கோஎன்ஜியில் இருக்கிறது. கால் வலித்தவர்களுக்கு நல்ல இடம்.

இந்த முதன்மைத் தெருக்களில் துணி வாங்குவதைவிட, என்ன அணிகிறார்கள் என்று பார்த்துக்கொள்வதுதான் பயன். பெருஞ்சாலையோர வாடகையைக் கட்டக்கூடிய கடை ஒன்று, சங்கிலிக் கடையாக இருக்க வேண்டும். அல்லது பயணிகளை நம்பிய கடையாக இருக்க வேண்டும். சொந்த ரசனையோடு கடை போட்டவர்கள் பின்சந்துக்குப் போனார்கள். சந்தும் விலையேறியதும் ரயில் ஏறினார்கள். அந்த வழியைப் பிடித்துப் போவதுதான் இந்த வாரத் திட்டம்.

புதன்: பின்சந்துகளும் ஷிபுயாவும்

ஒமோதெசாந்தோ மெய்ஜி கோயிலுக்குப் போகும் ராஜபாட்டை. இருபக்கமும் செல்கோவா மரங்கள், மரங்களுக்குப் பின்னால் உலகத்தின் விலையுயர்ந்த பெயர்கள். ததாவோ ஆந்தோ வடிவமைத்து 2006இல் திறந்த ஒமோதெசாந்தோ ஹில்ஸ் உள்ளே சாய்தளமாகவே ஏறுகிறது. கட்டடத்துக்காக ஒரு முறை நுழைந்து வரலாம். பொம்மை தேடுபவர்களுக்கு கிட்டி லேண்ட்.

சாலையிலிருந்து வடபக்கச் சந்துகளில் நுழைந்தால் உரா ஹராஜுகு. நிகோ, ஜுன் தகாஹாஷி எனும் வடிவமைப்பாளர்கள் இருவரும் 1993இல் 'நோவேர்' என்ற சிறு கடையைத் தொடங்கியது இந்தச் சந்துகளில்தான். எ பேதிங் ஏப், அண்டர்கவர் எனும் உடை பிராண்டுகள் இரண்டும் அங்கிருந்துதான் வளர்ந்தன. வாடகை குறைவாக இருந்ததால், சில டஜன் சட்டைகளை மட்டும் அச்சடித்து விற்றும் கடை நடத்த முடிந்தது. குறைவாகச் செய்து, வரிசையில் நிற்க வைத்து விற்கும் வழக்கம் அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் புதுச் சரக்கு வரும் நாளில் பெரிய ஸ்ட்ரீட்வேர் கடைகளில் நேராக நுழைய முடியாது. முன்கூட்டி இணையத்தில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும், அல்லது காலையில் தரும் வரிசை எண் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்கு 'செய்ரிகென்' என்று பெயர். சரக்கு வராத நாளில் போனால் அதே கடையில் ஆள் இருக்காது, அலமாரியும் பாதி காலியாக இருக்கும்.

தென்பக்கம் போனால் கேட் ஸ்ட்ரீட். ஷிபுயா ஆற்றை மூடி மேலே போட்ட தெரு, அதனால்தான் வளைந்து வளைந்து போகிறது. ஷிபுயாவுக்கு நடந்தே போக இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் பணத்துக்கு மதிப்புக் கிடைப்பது டிசைனர் பெயர்களின் செகண்ட் ஹேண்ட் கடைகளில். ராக்டாக் போன்றவை இஸ்ஸே மியாகே, யோஜி யமமோதோ, கோம் தெ கார்சோன் உடைகளைத் தரம் பிரித்து விற்கின்றன. டேக்கில் எஸ், ஏ, பி, சி என்று நிலை போட்டிருக்கும். கடைக்குக் கடை அளவுகோல் மாறும். ஆனால் ஜப்பானில் 'பி' என்றாலே நம் கண்ணுக்கு நல்ல நிலையில்தான் இருக்கும். கறை எங்கே என்று சிறு ஸ்டிக்கர் அம்புக்குறி ஒட்டிக் காட்டும் கடைகளும் உண்டு.

கோம் தெ கார்சோன் உடைகளின் உட்பக்கத் துவைப்பு லேபிளில் 'ஏடி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஏடி 1997 என்றால் அது 1997இன் சரக்கு. விலை எதனால் கூடியிருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும்.

இஸ்ஸே மியாகேயின் ப்ளீட்ஸ் ப்ளீஸ் 1993இல் தொடங்கிய வரிசை. பாலியெஸ்டர் துணியை வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, பிறகு காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றுகிறார்கள். யாராவது இஸ்திரி போட்டிருந்தால் அந்த இடத்தில் மடிப்பு செத்துத் தட்டையாகிவிடும், வீட்டில் வைத்து மீட்க முடியாது. உடையைத் தூக்கி விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், தட்டையான இடம் பளபளக்கும். உட்காரும் பகுதி, முழங்கை, தோள்பை உரசும் இடம் மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஷிபுயாவைப் பற்றிச் சுருக்கமாக. 1979இல் திறந்த ஷிபுயா 109 பெண்களின் மலிவு ஃபேஷனுக்கு. அளவு பெரும்பாலும் 'ஃப்ரீ' ஒன்றுதான், மெலிந்த உடலுக்குத் தைத்தது. பார்கோ வணிக வளாகம் 1973இல் தொடங்கியது. இடித்துக் கட்டி 2019 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். ஆறாம் மாடியில் நின்டெண்டோ, போகேமான் கடைகள். மெகா டான் கிஹோத்தே தள்ளுபடிக் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்பதால் பகலில் அங்கே நேரத்தைச் செலவிடாமல் இரவு 10க்கு மேல் போகலாம். 2024 அக்டோபரிலிருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் மாலை 6 முதல் காலை 5 வரை மது அருந்தத் தடை இருக்கிறது. கேனைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்கும் எண்ணம் வேண்டாம்.

வியாழன்: ஷிமோகிதசாவா

ஷிபுயாவிலிருந்து கெய்யோ இனோகஷிரா தடத்தில் விரைவு ரயில் ஏறினால் முதல் நிறுத்தமே ஷிமோகிதசாவா. சில நிமிடங்கள்தான். ஒதாக்யூ தடம் 2013இல் நிலத்தடிக்குப் போனதும் மேலே காலியான இடத்தில் போனஸ் ட்ராக், ரீலோட் என்று சிறு கடைத்தொகுதிகள் வந்தன. அவை அழகாக இருக்கின்றன. ஆனால் இங்கே வருவதற்குக் காரணம் அவை அல்ல, ஃபுருகி எனும் பழைய துணிக் கடைகள். நிலையத்தின் வடபக்கச் சந்துகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. மதியம் 12க்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் பல கடைகளில் ஷட்டர்தான் தெரியும்.

சரக்கின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து பேல் பேலாக வருவது. வாங்குபவர்கள் அங்கே கிடங்குகளில் நின்று பொறுக்கி அனுப்புகிறார்கள், இங்கே துவைத்து, பிரித்து மாட்டுகிறார்கள். ஒரே மாதிரி ஸ்வெட்ஷர்ட் ஒரு கடையில் 2,500 யென்னுக்கும் அடுத்த கடையில் 9,000 யென்னுக்கும் தொங்கும். முதல் கடை எடை போட்டு வாங்கியது, இரண்டாவது ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. முதல் வகைக் கடையில் உங்கள் கண் வேலை செய்ய வேண்டும், இரண்டாவதில் கடைக்காரர் கண்ணுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். நியூயார்க் ஜோ எக்ஸ்சேஞ்ச் பழைய பொதுக் குளியலகத்துக்குள் இருக்கிறது, சுவரில் இன்னும் ஓடுகள். ஃபிளமிங்கோ, சிகாகோ, ஹெய்ட் அண்ட் ஆஷ்பரி எல்லாம் நடக்கும் தூரத்தில். எல்லாவற்றிலும் நுழைந்து வெளியே வந்த பிறகு வாங்கத் தொடங்குவது நல்லது. பேரம் பேசும் வழக்கம் கிடையாது. எந்தக் கடையிலும் கேட்காதீர்கள்.

அளவுதான் இங்கே பலரும் ஏமாறும் இடம். டேக்கில் இருக்கும் எம், எல் எழுத்தை நம்ப முடியாது. அமெரிக்க எம் வேறு, ஜப்பான் எம் வேறு, முப்பது வருடம் துவைத்த எம் இன்னொன்று. ஊரிலிருந்து கிளம்பும்முன் உங்களுக்கு மிகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து நான்கு அளவை செ.மீ.யில் எடுத்து ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டிக்குக் கீழிருந்து கீழ்விளிம்பு வரை உயரம், இதற்கு இங்கே கிதாகே என்று பெயர். ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அகலம், மிஹபா. தோள் தையலிலிருந்து தோள் தையல், கதாஹபா. தோளிலிருந்து கைமுனை, சோதேதாகே. பல கடைகளின் டேக்கில் இந்த நான்கும் எழுதியிருக்கும். மிஹபா 55 என்றால் மார்புச் சுற்றளவு 110 செ.மீ. ஜீன்ஸில் பின்பக்கத் தோல்பட்டையில் 34 என்று இருந்தாலும், இடுப்பைத் தட்டையாக வைத்து அளந்தால் 40 செ.மீ.தான் வரலாம். சுற்றளவு 80, அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். துவைத்துத் துவைத்துச் சுருங்கியது அது. சிறிய இஞ்ச் டேப் ஒன்று பையில் இருக்கட்டும்.

போட்டுப் பார்க்க 'ஷிச்சாக்கு ஷிதேமோ ஈ தெஸ் கா?' என்று கேட்க வேண்டும். போட்டுப் பார்க்கலாமா என்பதுதான். கேட்காமல் டிரையல் அறைக்குள் போகாதீர்கள். உள்ளே ஏறும்முன் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு முறைக்கு இத்தனை உடை என்று வரம்பு இருக்கும், பெரும்பாலும் மூன்று. மெல்லிய வெள்ளைத் துணிப்பை ஒன்று தொங்கினால் அது முகத்தில் போட்டுக்கொள்ள. தலை வழியாக மாட்டும்போது மேக்கப் துணியில் ஒட்டாமல் இருக்கத்தான். பழைய துணியைத் திருப்பித் தர முடியாது என்பதால் இந்த ஐந்து நிமிடத்தைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

இனி எது கெட்டுப்போகும் என்பது. பழைய ஸ்னீக்கர்தான் முதல் ஆபத்து. மேலே பளிச்சென்று இருக்கும், விலை பாதியாக இருக்கும், ஊருக்குப் போய் மூன்றாம் நாள் அடிப்பாகம் மாவாக உதிரும். காரணம் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்த ஃபோமின் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. ஷூவைப் போட்டாலும் போடாவிட்டாலும், செய்த நாளிலிருந்தே இது நடக்கும். பெட்டியிலேயே கிடந்த 'புது' ஷூவும் தப்பாது. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி ஈரமான ஊர்களில் இன்னும் வேகம். கட்டைவிரல் நகத்தால் மிட்சோலின், அதாவது அடிப்பாகத்தின் நடு ஃபோம் அடுக்கின், ஓரத்தை அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் உடனே எழும்பி வந்தால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, நகத்தில் தூள் ஒட்டினாலோ வைத்துவிடுங்கள். பின் ஷூவை முன்பாதத்தில் லேசாக மடக்கி, பக்கவாட்டுப் பெயிண்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இவிஏ ஃபோமுக்கு இந்த நோய் கிடையாது. அது இறுகிச் சப்பையாகும், உதிராது. அளவு செ.மீ.யில்தான் இருக்கும். நைக்கி ஆண்கள் ஷூவில் 27 செ.மீ. என்றால் நம் ஊர் 8.

அதே பாலியூரித்தேன் பூச்சாகவும் வரும்: செயற்கைத் தோல் ஜாக்கெட், மழைக்கோட்டு, கைப்பையின் உள்ளுறை. பையைத் திறந்து உட்பாக்கெட்டுக்குள் விரலைவிட்டுத் தடவுங்கள். பசைபோல் ஒட்டினால் துடைத்துப் பயனில்லை, முழு உள்ளுறையையும் மாற்ற வேண்டும்.

கம்பளித் துணியை விளக்குக்கு நேரே பிடித்தால் பூச்சி அரித்த ஊசித்துளை தெரியும். கழுத்துப்பட்டியின் உள்மடிப்பு, கக்கம், கைமுனை மூன்றும் கறைக்கு. ஜிப்பை இரண்டு முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக்கை இழுத்துவிடும்போது சரசரவென்று சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் உடைந்துவிட்டது.

பழைய டி-ஷர்ட்டில் கைமுனையும் கீழ்விளிம்பும் ஒற்றைத் தையலாக இருந்தால் பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது. போலிகளும் ஒற்றைத் தையல் போடுவதால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. படத்தின் கீழே அச்சிட்ட காப்புரிமை ஆண்டு, கழுத்து லேபிள், அச்சின் வெடிப்பு மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். லீவைஸ் ஜீன்ஸில் பின்பாக்கெட் சிவப்புப் பட்டையில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் 'ஈ' (E) பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தியது என்பார்கள், விலையும் அப்படியே ஏறும். ஆனால் அந்தக் கம்பெனியே பழைய மாதிரிகளை மறுபடி செய்து விற்கிறது, அதிலும் பெரிய எழுத்துதான். இடுப்பின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தர லேபிள் அமெரிக்காவில் 1972இல்தான் கட்டாயமானது. பட்டையில் பெரிய எழுத்து, உள்ளே துவைப்பு லேபிள் என்றால் அது மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபதிப்பும் நல்ல ஜீன்ஸ்தான். பழசுக்கான விலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

பசித்தால் இந்தப் பேட்டை கர்ரி எனும் மசாலாக் குழம்புக்குப் பெயர்போனது, அக்டோபரில் கர்ரித் திருவிழாவே நடத்துகிறார்கள். சைவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிக் கர்ரியின் சாற்றிலும் இறைச்சி அல்லது மீன் வடிசாறு இருப்பது சாதாரணம்.

வெள்ளி: வரி

இன்று கடைகள் இல்லை, கணக்கு மட்டும். விற்பனை வரி 10 சதவீதம், உணவுக்கு 8. டேக்கில் இரண்டு விலை இருந்தால் பெரியது ஸெய்கோமி, வரியோடு சேர்த்தது, நீங்கள் கொடுக்க வேண்டியது அதுதான். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கினால் பயணிகளுக்கு வரிச்சலுகை உண்டு. பழைய துணிக் கடைகளிலும் வாசலில் வரிச்சலுகைச் சின்னம் ஒட்டியிருந்தால் கிடைக்கும். அசல் பாஸ்போர்ட் வேண்டும், ஃபோனில் இருக்கும் படம் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. அதுவரை கல்லாவிலேயே கழித்துவிடுவார்கள். அதன் பிறகு முழு விலையையும் கொடுத்துவிட்டு, வாங்கிய 90 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். பத்து கடையில் 3,000 யென் வீதம் வாங்கினால் ஒன்றுக்கும் சலுகை கிடையாது. ஆகவே பிடித்த கடை இரண்டில் சேர்த்து வாங்குவது லாபம். பைக்குத் தனிக் காசு, 2020 ஜூலையிலிருந்து. மடித்து வைக்கும் துணிப்பை ஒன்று போதும்.

சனி: கோஎன்ஜி, நகானோ

சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் சுவோ விரைவு ரயில் கோஎன்ஜியில் நிற்காது. ஆரஞ்சுப் பட்டை ரயிலில் ஏறினால் நிலையம் கண்ணெதிரே ஓடிப்போகும். ஷின்ஜுகுவில் மஞ்சள் பட்டை போட்ட சுவோ சோபு உள்ளூர் ரயிலில் ஏறுங்கள், நான்காவது நிறுத்தம்.

ஹராஜுகு, ஷிமோகிதசாவா, கோஎன்ஜி மூன்றில் துணிக்கென்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கோஎன்ஜியையே சொல்வோம். தென்வாசலில் இறங்கியதும் 'பால்' (Pal) என்ற பெயரில் கூரை போட்ட கடைவீதி. அது முடிந்ததும் லுக் தெரு தொடங்குகிறது, ஃபுருகி கடைகளின் நெருக்கம் அங்கேதான். நேரே போனால் மருனோஉச்சி தடத்தின் ஷின் கோஎன்ஜி நிலையம் வரும். வந்த வழியே திரும்பாமல் அங்கேயே மெட்ரோ ஏறிவிடலாம். ஷிமோகிதசாவாவிலும் வாடகை ஏறிவிட்ட பிறகு, ஒரே ஆள் வாங்கி, ஒரே ஆள் தைத்துச் சரிசெய்து, ஒரே ஆள் விற்கும் கடைகளை இங்கே அதிகம் பார்க்கலாம். ஒரு கடையில் ராணுவக் கோட்டு மட்டும், இன்னொன்றில் பிரெஞ்சு வேலையாட்களின் நீலச் சட்டை மட்டும். வடபக்கம் தகரமும் பலகையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கிதாகோரே கட்டடத்துக்குள் குனிந்து நுழையும் கடைகள், அதில் இருப்பவர்கள் தாங்களே வெட்டித் தைத்ததை விற்கிறார்கள். கையில் பணம் இருக்கட்டும், சிறு கடைகள் கார்டு வாங்காமல் இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் அவா ஒதோரி நடன விழா நடக்கும் நாள்களில் கடைக்கென்று வராதீர்கள், தெருவே நிரம்பிவிடும்.

பழைய கிமோனோவும், கோடையில் அணியும் மெல்லிய கிமோனோவான யுகாதாவும் இங்கே கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். இரண்டு அளவு முக்கியம். நீளத்துக்கு மிதாகே, பெண்களுக்கு ஏறக்குறைய உங்கள் உயரமே இருக்க வேண்டும், மிச்சத்தை இடுப்பில் மடித்துக் கட்டுவார்கள். இரண்டாவது யுகி: கையைச் சாய்வாக நீட்டி, பிடரி எலும்பிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை. நீளம் சற்றுக் குறைந்தால் கட்டும் விதத்தில் சமாளிக்கலாம். யுகி குறைந்தால் கை வெளியே நீட்டிக்கொண்டே நிற்கும். பழைய கிமோனோக்களில் 62, 63 செ.மீ. சாதாரணம் என்பதால் உயரமானவர்களுக்கு அமைவது கடினம். தோள் தையலுக்குள் மடித்துவிட்ட துணி மிச்சமிருந்தால் பிரித்து விடலாம், ஆனால் பழைய மடிப்பின் கோடும் நிற வித்தியாசமும் தெரியும். சிரிமென் எனும் சுருக்கப்பட்டு தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். ஊடிழையை இறுக்கமாக முறுக்கி நெய்வதால், நனைந்ததும் அது இழுத்துக்கொள்கிறது. வீட்டில் துவைக்க வேண்டுமென்றால் பருத்தி யுகாதா அல்லது பாலியெஸ்டர்தான். உள்ளுறையை விரித்து மஞ்சள் புள்ளி பாருங்கள், அது பூஞ்சைக் கறை, போகாது.

ஒரே நிறுத்தம் தள்ளி நகானோ. 1966இல் கட்டிய நகானோ பிராட்வேயில், 1980இலிருந்து வளர்ந்த மந்தராகே எனும் பழம்பொருள் நிறுவனத்தின் கடைகள் பல மாடிகளில் பரவிக் கிடக்கின்றன. பழைய மாங்கா, பொம்மை, அனிமே படங்களுக்காக ஒளிபுகும் தாளில் வரைந்த செல் ஓவியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கடை. கண்ணாடி அலமாரியில் இருப்பதை எடுக்க அலமாரி எண்ணைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். புதன்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.

ஞாயிறு: மூட்டை

துணியைச் சுருட்டி வையுங்கள், ப்ளீட்ஸ் உடையையும் சுருட்டியே. மடித்து அடுக்கினால் குறுக்கு மடிப்பு விழும். ஷூவுக்குள் காலுறைகளை அடையுங்கள். வாங்கியது ஒரு பெட்டியாகிவிட்டால் ஹோட்டல் வரவேற்பில் 'தக்யூபின்' என்று சொல்லுங்கள், நரிதா அல்லது ஹனேதாவுக்கு அனுப்பித் தருவார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பவர் பேங்க்கை அந்தப் பெட்டியில் போடாதீர்கள், அது விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். வரிச்சலுகையில் வாங்கியதைத் தபாலில் நீங்களே ஊருக்கு அனுப்பிவிட்டால் சுங்கத்தில் காட்டப் பொருள் இருக்காது. தபால் ரசீதைக் காட்டித் தப்பும் வழியை 2025 மார்ச்சோடு எடுத்துவிட்டார்கள், வரியைக் கட்டச் சொல்வார்கள். விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு, வரிச்சலுகைப் பொருள்களை மேலாக வைத்து, விமானக் கம்பெனியிடம் பெட்டியைப் போடுவதற்கு முன்னால் சுங்க வேலையை முடித்துவிடுங்கள்.